சக்கர வீட்டின் குறுக்குக் குழாய்

வீட்டுக்குக் கூரை எதற்கு என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? மழைக்கு என்பீர்கள், வெயிலுக்கு என்பீர்கள். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் போய்க் கேட்டுப் பாருங்கள். அங்கே வேறொன்று சொல்வார்கள்.

திருச்செங்கோட்டுப் பக்கம் பாவாயி என்று ஒருத்தி பட்டறை வைத்திருந்தாள். முதலில் லாரிக்குப் பாடி கட்டினாள். பிறகு டிரெய்லர் மேல் வீடு கட்ட ஆரம்பித்தாள். ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கிறவர்கள் வந்து அந்தச் சக்கர வீட்டை வாங்கினார்கள். ஏழடி அகலம், பதினாலடி நீளம். அடுப்பு, படுக்கை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்குள்ளே.

அவளிடம் தொழில் கற்க வந்தவர் தங்கமுத்து. அவளைவிடப் பத்து வயது மூத்தவர். ஈரோட்டில் நகைக்கடை, துணிக்கடைகளுக்கு உள் அலங்காரம் செய்துகொண்டிருந்தார். அவர் இரண்டு பலகையை ஒட்டினால், ஒட்டின இடத்தை நகத்தால் தேடினாலும் கிடைக்காது.

"ஏனுங்கண்ணா, இந்த வயசுல எங்கிட்டயா வந்து கத்துக்கப் போறீங்க?"

"கடைக்குச் செய்யறதை ரெண்டே வருசத்துல பிச்சுப் போட்டுடறாங்க. ஆளு குடியிருக்கற மாதிரி ஒண்ணு செய்யணும், மேஸ்திரி."

"மேஸ்திரின்னு கூப்பிட்டுட்டீங்க. நாளைக்கு நான் திட்டினா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

எந்த வீடானாலும், கூரைக்குக் கீழே நட்டநடுவில் குறுக்காக ஓர் இரும்புக் குழாய் போடுவாள் பாவாயி. இரண்டு பக்கச் சட்டத்தோடும் சேர்த்து வெல்டிங். அதில் ஒரு வளையம். வீட்டைக் கொடுப்பதற்கு முந்தின நாள், கட்டினவரே அந்த வளையத்தைப் பிடித்துத் தொங்க வேண்டும். இரண்டு காலும் தரையை விட்டு எழும்பி இருபது எண்ண வேண்டும். பட்டறையில் எல்லாருக்கும் அந்த நாள் கொண்டாட்டம். தொங்குகிறவனைக் கிச்சுக்கிச்சு மூட்டுவார்கள்.

தங்கமுத்து கேட்டார், "எதுக்கு மேஸ்திரி இந்தக் குழாய்? கூரை அது இல்லாமலே நிக்குதே."

"நிக்கும்."

"அப்புறம்?"

"வீடு வாங்க ஆள் வந்தா, வாசல்கிட்ட நில்லுங்க. பொம்பளைங்க உள்ள நுழைஞ்சதும் எங்க பாக்கறாங்கன்னு பாருங்க."

நின்று பார்த்தார். பெண்கள் மேலே பார்த்தார்கள். ஒழுகுமா என்று பார்க்கிறார்கள் என நினைத்துக்கொண்டார்.

எட்டு மாதம் கழித்து, அவரே தனியாகக் கட்ட ஒரு வீடு வந்தது. கேட்டு வந்தவர்கள் ஏழுமலையும் அவன் பெண்டாட்டி சிந்தாமணியும். திருவிழாக்களில் ராட்டினம் சுற்றுகிறவர்கள். அதுவரை லாரிக்கு அடியில் தார்ப்பாய் கட்டிக் குடியிருந்தார்கள். சிந்தாமணி அப்போது நிறைமாதம்.

"பொறக்கறதுக்கு முன்னாடி முடியாதா, மேஸ்திரி?" என்று சிந்தாமணி பாவாயியிடம் கேட்டாள்.

"அது எங்க கையிலயா இருக்குது? உம் பிள்ளையைக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு."

பிள்ளை பொறுக்கவில்லை. வீடு முடியும்போது பெண் குழந்தைக்கு நாலு மாதம்.

தங்கமுத்து கூரையின் உட்புறத்துக்கு வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை அடித்தார். அதில் சின்னச் சின்ன விளக்குகளை விண்மீன் மாதிரி பதித்தார். பட்டறையே வந்து அண்ணாந்து பார்த்தது. குறுக்குக் குழாய் வந்தால் பலகையைவிட இரண்டு விரற்கடை கீழே தொங்கும். அந்த வானத்தை இரண்டாக வெட்டும். குழாயை அவர் போடவில்லை. ஒரு பித்தளை வளையத்தை மட்டும் பலகையிலேயே திருகி வைத்தார். கடைகளில் வளையம் என்றால் அலங்கார விளக்குக்குத்தான். அவருக்கும் அதே நினைப்பு. பார்த்தவர்கள், குழாய் பலகைக்கு மேலே மறைந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டார்கள்.

பாவாயி வாசலில் நின்று கேட்டாள்.

"குழாய் வெச்சாச்சுங்களா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். பத்து வயது சின்னவளிடம், இத்தனை பேர் முன்னால் திட்டு வாங்க வேண்டுமே என்று இருந்தது.

"ஆச்சுங்க மேஸ்திரி."

"தொங்கிப் பாத்தீங்களா?"

"நேத்து ராத்திரி எல்லாரும் போனப்புறம் பாத்துட்டேன்."

பாவாயி அவர் முகத்தைப் பார்த்தாள். மேலே பார்க்கவில்லை. போய்விட்டாள்.

மறுநாள் காலை ஏழுமலையும் சிந்தாமணியும் வந்தார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சூடம் கொளுத்தினார்கள். சிந்தாமணி வலதுகால் வைத்து ஏறினாள். அடுப்பைப் பார்க்கவில்லை, அலமாரியைப் பார்க்கவில்லை. மேலே பார்த்தாள். விண்மீன் விளக்குகள் எரிந்தன. அவள் கண் அதில் நிற்காமல் தேடியது.

"மேஸ்திரி, தூளி எங்க கட்டறது?"

தங்கமுத்துவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவருக்கும் இரண்டு பிள்ளைகள் உண்டு. அவர்கள் தூளியில் கிடந்த காலத்தில் அவர் வெளியூர்க் கடைகளுக்கு விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த வளையத்துல கட்டு. மேல இரும்புக் குழாய் இருக்குது. யானைக்குட்டியே தூங்கலாம்," என்றாள் பாவாயி.

"இவளும் யானைக்குட்டிதான், பால் குடிக்கறதுல," என்றான் ஏழுமலை.

சிந்தாமணி பையிலிருந்து பழைய சேலையை எடுத்தாள். ஸ்டூல் மேல் ஏறி, வளையத்தில் கோத்து முடிச்சுப் போட்டாள். ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள்.

வாசல் கூட்டத்தில் நின்ற தங்கமுத்து வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். நாலு மாதக் குழந்தை, என்ன எடை இருந்துவிடும்? ஆறு கிலோ. தாங்கும். திருகாணி நீளமானது. தாங்கும்.

குழந்தையைப் போட்டாள். ஆட்டினாள். ஒன்று. இரண்டு.

தங்கமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். தூளிக்கு அடியில் மண்டி போட்டு இரண்டு கையையும் நீட்டினார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

மளுக் என்று மேலே சத்தம் கேட்டது. பலகையோடு வளையம் பிய்ந்து வந்தது. குழந்தை சேலைச் சுருளோடு அவர் கையில் விழுந்தது.  பிறகு வீறிட்டது.

சிந்தாமணி பாய்ந்து வாங்கினாள். தலையைத் தடவினாள், முதுகைத் தடவினாள், கைகாலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. அழுதுகொண்டே அவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"அண்ணா, நீங்க மட்டும் இல்லேன்னா..."

ஏழுமலை குனிந்து அவர் காலைத் தொட்டான். "என் குலசாமி மாதிரி வந்தீங்க."

"எந்திரிப்பா, எந்திரிப்பா," என்றார் தங்கமுத்து.  ஏழடி வீட்டில் பின்னால் நகர இடமில்லை. முதுகு அடுப்பில் இடித்தது.

பட்டறை ஆட்கள் அவர் தோளைத் தட்டினார்கள். பாவாயி மட்டும் தட்டவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"விழறதுக்கு முன்னாடியே கையை நீட்டிட்டீங்கண்ணா."

அவர் தலை குனிந்தது.

பாவாயி சிந்தாமணியின் முன்னால் போய்க் கைகூப்பி நின்றாள்.

"தப்பு என்னோடதும்மா. மேல குழாய் இருக்குதுன்னு சொன்னது நானு. கண்ணால பாக்காமச் சொன்னேன். என்னை மன்னிச்சிரு."

"ஐயோ, நீங்க என்ன பண்ணுவீங்க மேஸ்திரி..."

"நாந்தான் சொன்னேன். நீ நம்பிக் கட்டினே."

தங்கமுத்துவின் காதெல்லாம் சுட்டது. கும்பிட்ட அந்தக் கைகளைப் பார்க்க முடியவில்லை.

"மேஸ்திரி, கையை இறக்குங்க," என்றார். "குழாய் இல்லீங்க. நான் வெக்கல. அழகு கெட்டுப் போகும்னு விட்டுட்டேன். வெச்சேன்னு உங்ககிட்டப் பொய் சொன்னேன்."



ஏழுமலை கேட்டான், "அப்ப, அவ தூளி கட்டும்போது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் நின்னீங்களா?"

 சிந்தாமணி குழந்தையை அவர் நிற்கிற பக்கத்திலிருந்து மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

அடித்திருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

வெளியே வந்ததும் பாவாயியிடம் கேட்டார், "ஏன் மேஸ்திரி என்னை ஒரு வார்த்தை திட்டல?"

"திட்டிட்டா லேசாப் போயிரும். போய்ப் பலகையைக் கழட்டுங்க."

ஏழுமலைக்கு வீடே வேண்டாம் என்று ஆகிவிட்டது. தார்ப்பாய்க்கே போகலாம் என்றான். சிந்தாமணி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டே சொன்னாள், "மழைக்காலம் வருது. அவரு செய்யட்டும். நீ பக்கத்துல நின்னு பாரு."

அவன் நின்று பார்த்தான். தங்கமுத்து நடுவிலிருந்த வெள்ளைப் பலகைகளைப் பெயர்த்தார். அவற்றிலிருந்த விளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். குழாயை அளந்து வெட்டித் தூக்கிப் பிடித்து இரண்டு முனையிலும், நடுவில் வளையத்துக்கும் வெல்டிங் வைத்தார். பொறி கழுத்தில் விழுந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு இணைப்பையும் சுத்தியலால் தட்டி, ஏழுமலையைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார்.

வெயில் தாழும்போது முடிந்தது. மிச்சமிருந்த விளக்குகள் குழாய்க்கு இந்தப் பக்கம் கொஞ்சமும் அந்தப் பக்கம் கொஞ்சமுமாகக் கிடந்தன.

அவர் வளையத்தைப் பிடித்துத் தொங்கினார். இரண்டு காலையும் மடக்கிக்கொண்டார். பட்டறை ஆட்கள் வாசலில் கூடினார்கள். யாரும் கிச்சுக்கிச்சு மூட்ட வரவில்லை. ஏழுமலைதான் எண்ணினான். இருபது வந்தும் நிறுத்தவில்லை. நாற்பதில் தங்கமுத்து பிடியை மாற்றிக்கொண்டார். அறுபதில் ஏழுமலை சொன்னான், "ராட்டினத்துல இவ்வளவு நேரம் யாரும் தொங்க மாட்டாங்க. இறங்குங்க."

சிந்தாமணி உள்ளே வந்தாள். சேலையைக் கட்டினாள். இரண்டு தரம் இழுத்தாள். முழு எடையையும் போட்டுத் தொங்கியும் பார்த்தாள். பிறகு குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். போடவில்லை.

தங்கமுத்து வாசலை விட்டு இறங்கப் போனார்.

"அண்ணா," என்று சிந்தாமணி கூப்பிட்டாள். "காலையில மாதிரி, கீழ கையை நீட்டிக்கிட்டு நில்லுங்க."

அவர் பாவாயியைத் திரும்பிப் பார்த்தார்.

"குழாய் தாங்கும் மேஸ்திரி. நானே தொங்கினேனே."

"குழாய் தாங்கும்ணா," என்றாள் பாவாயி. "அந்தப் பிள்ளை தூங்கற வரைக்கும் நில்லுங்க."