அடைகோழிக்குக் கல்லில் இடம் உண்டா?

கருவேலங்கோட்டை ராஜாவுக்கு ஹாக்கிப் பைத்தியம் பிடித்திருந்த காலம் அது. யானைக் கொட்டிலை இடித்து மைதானம் ஆக்கிவிட்டார். யானைகள் எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் கையில் ஒரு ஸ்டிக்கைக் கொடுத்து, "ஓடு" என்பார்.

பக்கத்து சமஸ்தானத்தோடு பந்தயம் வந்தது. மைதான வாசலில் ஒரு கல் நட்டு, மேலே தன் பெயரும், கீழே பதினொரு ஆட்டக்காரர்களின் பட்டப்பெயர்களும் செதுக்க வேண்டும் என்று ராஜா உத்தரவு போட்டார். அதில்தான் வம்பு முளைத்தது.

கோல் காக்கிற இருளப்பனின் பட்டப்பெயர் அடைகோழி. கோலுக்கு முன்னால் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். கிட்டே வந்த பந்தைக் கொத்தி விரட்டுவான். சுண்ணாம்புக் காளவாயில் வெந்துகொண்டிருந்தவனை ஆட்டத்துக்காகவே அரண்மனைக்கு அழைத்து வந்திருந்தார்கள். குழுவிலிருந்து நீக்கினால் மறுபடி காளவாய்தான்.

திவானின் மைத்துனர் மார்த்தாண்டம் சபையில் எழுந்தார். அவரும் ஆட்டக்காரர்தான்.

"மகாராஜா, அடைகோழியெல்லாம் ஒரு பட்டப்பேரா? சிங்கம், புயல், இடி, இதெல்லாம் பேரு. எனக்குப் பாருங்க, மின்னல்வீரன்!"

"யார் வச்சது?" என்றார் ராஜா.

"நானே வச்சுக்கிட்டேன். கம்பீரமா ஒரு பேர் இல்லாதவனுக்குக் கல்லுலயும் இடம் இல்ல, குழுவுலயும் இடம் இல்லன்னு உத்தரவாகணும்."

கோலுக்குத் தன் தம்பியைக் கொண்டுவர அவருக்கு நெடுநாள் ஆசை. அது சபைக்கே தெரியும். ராஜாவுக்கு மட்டும் தெரியாது.

ராஜா தாடையைத் தடவினார். "ஓய் அம்பலவாணரே, நீர் என்ன சொல்றீர்?"

அம்பலவாணர் அந்தச் சபையின் விகடகவி. தூணில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"பட்டப்பேரைச் சபையில உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது மகாராஜா. எந்தப் பேரைக் கேட்டதும் புத்திக்கு முன்னால கழுத்து அசையுதோ, அதுதான் பட்டப்பேர். மைதானத்துல சோதிச்சுப் பார்த்துடலாம்."

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. அப்படியே ஓலையில் எழுதி முத்திரை குத்தினார்.

மறுநாள் மைதானத்தில் கூட்டம் நெரிந்தது. ராஜமாதாகூட மூடுபல்லக்கில் வந்திருந்தார்கள். அம்பலவாணர்தான் நேரில் போய் அழைத்துவந்தாராம்.

பயிற்சி ஆட்டம் தொடங்கியது. மார்த்தாண்டம் முதுகைக் காட்டிக்கொண்டு மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். பந்து அவரை நோக்கி வந்தது.

"மின்னல்வீரா! பந்து!" என்று கத்தினார் அம்பலவாணர்.

மார்த்தாண்டம் அசையவில்லை. பந்து கணுக்காலில் விழுந்தது. "ஐயோ!"

நொண்டிக்கொண்டு நின்றவரை நோக்கி அடுத்த பந்து தலை உயரத்தில் பறந்தது. ஆட்டக்காரர்கள் தங்களை மறந்து கோரஸாகக் கத்தினார்கள். "ஏ குடை! குனி!"

சட்டென்று குனிந்தார் மார்த்தாண்டம்!

கூட்டம் சிரித்து உருண்டது. வெயில் படாமல் இருக்க, பயிற்சி நேரத்தில் குடை பிடிக்கும் ஆளையும் கூடவே ஓடவிடுகிறவர் அவர்.

மார்த்தாண்டத்துக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "சரி மகாராஜா, நான் குடைதான். மேலே தங்களோட திருநாமம், கீழே குடை, அடைகோழி! பக்கத்து சமஸ்தானத்துக்காரன் வந்து படிச்சா என்ன நினைப்பான்? தங்களுக்கு இது தகுமா?"

அது ராஜாவைத் தைத்தது. "ஆமாம் அம்பலவாணரே. சோதனை சரிதான். ஆனா என் பேருக்குக் கீழே கோழி வேண்டாம். இருளப்பா, நீ வெளியே போ."

இருளப்பன் உட்கார்ந்து கால் தடுப்பின் வாரை அவிழ்த்தான். அம்பலவாணர் அவன் பக்கத்தில் போய் ஒரு பந்தை வைத்தார். "போறதுக்கு முன்னால ஒரு அடி. அதோ, ராஜா பக்கமா. உயரமா." காதில் இன்னும் ஏதோ சொன்னார். இருளப்பன் மிரண்டு விழித்தான். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி அடித்தான்.

பந்து நேராக ராஜாவின் கிரீடத்தை நோக்கிப் பறந்தது.

எச்சரிக்க வேண்டியவன் கட்டியக்காரன். அவன் முறைப்படி ஆரம்பித்தான். "ராஜாதி ராஜ, ராஜ குலதிலக, ராஜ கம்பீர..."

அவன் மூன்றாவது விருதைத் தாண்டுவதற்குள் மூடுபல்லக்கின் திரை கிழிகிற மாதிரி ஒரு குரல் வந்தது.

"டேய் பணியாரம்! குனிடா!"

ராஜா குனிந்தார். அப்படி ஒரு குனிவைக் கருவேலங்கோட்டை அதுவரை கண்டதில்லை. கிரீடம் மட்டும் உருண்டு போயிற்று.

பதினொரு ஆட்டக்காரர்களும் பதினொரு திசையைப் பார்த்தார்கள். ராஜா கோபத்தோடு எழுந்தார். "யாரது? யாருக்கு இவ்வளவு தைரியம்?"

"நான்தான்டா," என்றது பல்லக்கு. "மண்டை உடைஞ்சிருந்தா உன் விருதா வந்து ஒட்டவைக்கும்?"

ராஜா காலடியில் கிடந்த பந்தை எடுத்து அமுக்கிப் பார்த்தார். பொசுக்கென்று உள்ளே போயிற்று. வெள்ளை நூலைச் சுற்றிச் செய்த உருண்டை!

"அம்பலவாணரே! இது பொய்ப் பந்து!"

"ஆமாம் மகாராஜா. பந்து பொய்தான். நீங்க குனிஞ்சது நிஜம்."

ராஜா முறைத்தார். உதடு துடித்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவர், கட்டியக்காரன் விருது முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை சிரித்தார். கழுத்து மாலையைக் கழற்றி அம்பலவாணருக்குப் போட்டார். "இருளப்பா, வாரைக் கட்டு" என்றார்.

பந்தயத்தன்று வாசலில் கல் நின்றது. மேலே கொட்டை எழுத்தில் பணியாரம். அதற்கு அடுத்த வரியில் அடைகோழி. குடைக்குக் கடைசியில் கொஞ்சம் இடம் கிடைத்தது.