டம்ளர் இருந்த இடம்

எங்கள் குருவிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் அவரிடம் எதுவும் கேட்பதில்லை. பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்கள்.

அவர் பெயர் அருள்நம்பி. தாடி கிடையாது, காவி கிடையாது. நாற்பது வயது இன்னும் ஆகவில்லை. கரூருக்கு வெளியே அமராவதிக் கரையில் ஒரு தென்னந்தோப்பு, அதற்குள் தகரக் கூரை போட்ட ஒரு கூடம், அவ்வளவுதான் எங்கள் மடம். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். அவர் எங்களை அண்ணா, அக்கா என்பார். நாங்கள் அவரைச் சாமி என்போம்.

கிருபாகரன் அப்படி வருகிறவர்களில் ஒருவர். பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறையில் படம் வரைகிற வேலை. அவரும் மனைவியும் பிரிந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. பிள்ளைகள் இரண்டும் அம்மாவோடு கோயமுத்தூரில். மூத்தவள் சம்யுக்தாவுக்கு ஒன்பது வயது, சின்னவன் லோகித்துக்கு ஐந்து. கோடை விடுமுறையில் பாதி நாள் அப்பாவிடம் இருக்கலாம் என்று பேசி முடிவு. மீதி வருஷம் பூராவும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு போன்.

அந்தப் பாதி விடுமுறைக்காகத்தான் மனுஷன் உயிரோடு இருந்தார் என்று சொன்னால் பொய்யில்லை. சாயங்காலம் பட்டறை விட்டதும் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் தோப்புக்கு வந்துவிடுவார். இருட்டியதும் எல்லாரும் கிளம்புவோம். அவர் மட்டும் செருப்பைத் தேடுகிற மாதிரி நின்றுகொண்டிருப்பார். செருப்பு அவர் காலடியில்தான் கிடக்கும்.

அந்த வருஷம் ஏப்ரலிலேயே ஆள் சுறுசுறுப்பாகிவிட்டார். அறைக்கு பெயிண்ட் அடித்தார், ஏசி மாட்டினார், கட்டிலுக்குக் கார் படம் போட்ட விரிப்பு வாங்கினார், ஃப்ரிட்ஜ் நிறைய ஐஸ்கிரீம் அடுக்கினார். பிள்ளைகள் வந்தார்கள். அவர் தோப்புக்கு வருவது நின்றது. நாங்களும் சந்தோஷப்பட்டோம்.

ஒரு வாரம் போயிருக்கும். ஒருநாள் காலையில் பிள்ளைகளை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு நேராக வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. குரு தென்னைக்கு வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார், நாங்கள் சிலர் கூட இருந்தோம்.

"பிள்ளைங்க எப்படி இருக்காங்க அண்ணா?"

"தங்கமான பிள்ளைங்க சாமி. ஒரு தொந்தரவு இல்லீங்க."

"சண்டை போடுறாங்களா?"

"இல்லீங்க."

"எதையாச்சும் ஒடைச்சாங்களா?"

"ஒண்ணுமே இல்லீங்க."

குரு மண்வெட்டியைக் கீழே வைத்தார். "அடப்பாவமே" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்த மாதிரி கிருபாகரன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எல்லாவற்றையும் கொட்டினார். பிள்ளைகள் ஃபேன் போடுவதற்கும் கேட்கிறார்களாம், பாத்ரூம் போவதற்கும் கேட்கிறார்களாம். பீரோவில் ஒரு தட்டு முழுக்கக் காலி பண்ணி வைத்தும், சம்யுக்தா தினமும் துணியை மடித்துத் திரும்பப் பைக்குள்ளேயே வைக்கிறாளாம். ஐஸ்கிரீம் கொடுத்தால் தேங்க்ஸ் சொல்கிறார்களாம். பெற்ற பிள்ளை தேங்க்ஸ் சொன்னால் எந்தத் தகப்பனுக்குத்தான் பொறுக்கும்? தியேட்டர், பார்க், மலைக்கோயில் என்று தினம் ஒரு இடம் கூட்டிப்போகிறார். எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு, அடுத்து எங்கே உட்காரவேண்டும் என்று கேட்கிற மாதிரி நிற்கிறார்கள்.

முந்தின நாள் லோகித் கட்டில் காலில் முட்டியை இடித்துக்கொண்டு வாயைத் திறந்திருக்கிறான். அக்கா ஓடிவந்து அவன் வாயைப் பொத்தியிருக்கிறாள்.

"'இங்க அழுவாதடா, வீட்டுக்குப் போயி அழுதுக்கலாம்'னு சொல்றா சாமி. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன். அதைக் கேட்டதுல இருந்து எனக்குச் சோறு எறங்கலீங்க."

வரப்புப் புல்லைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டார்.

"அடுத்த வருஷம் வரமாட்டேன்னு அவ சொல்லிட்டா, நான் இழுத்துட்டா வர முடியும்? இதான் கடைசியோன்னு பயமா இருக்குங்க. நான் என்ன செஞ்சா அது அவங்க வீடாகும் சாமி?"

குரு கைமண்ணைத் தட்டினார். "நாளைக்கு மத்தியானம் சோத்துக்கு வர்றேன்" என்றார்.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் கூப்பிட்டும் எந்த வீட்டுக்கும் போகாத மனுஷர் அவர். கிருபாகரன் பதறிப்போய், ஓட்டலில் சொல்லி இலைச் சாப்பாடு வரவழைக்கட்டுமா என்று கேட்டார். இருக்கிறதைப் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டு குரு மறுபடி மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் என் ஸ்கூட்டரில்தான் போனோம். வெயில் மண்டையைப் பிளந்தது. கிருபாகரன் வீடு இரண்டாவது மாடி. படி ஏறுவதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. பிள்ளைகள் இரண்டும் சோபாவின் விளிம்பில், டாக்டரைப் பார்க்க வந்தவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் அவர்கள் பை, ஜிப் போட்டு மூடியபடி. வீடு படு சுத்தமாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தண்ணீர் கொடுக்கவேண்டும். வாங்க என்பது அப்புறம்தான். கிருபாகரன் அவசரமாகச் சமையலறைப் பக்கம் திரும்பினார். குரு அவர் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"அம்மணி, வெயில்ல வந்திருக்கோம். தண்ணி கொண்டா."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா எழப் பார்த்தார். குரு பிடித்த கையை விடவில்லை.

"டம்ளர் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதுங்க" என்றாள்.

"எனக்கும் தெரியாது" என்றார் குரு.

கிருபாகரன் சொல்ல வாயெடுத்தார். குரு தலையை ஆட்டினார். சம்யுக்தா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். தாகத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறோம், பெரியவர் ஒருவரும் எழுவதாக இல்லை. பாவம், உள்ளே போனாள்.

ஒவ்வொரு கதவாகத் திறக்கிற சத்தம் கேட்டது. ஸ்டூலை இழுக்கிற சத்தம் கேட்டது. தனி ஆள் வீட்டில் எல்லாம் மேல்தட்டில்தானே இருக்கும். பிறகு நாலைந்து பாத்திரம் சேர்ந்து விழுந்தது. லோகித் சோபாவிலிருந்து குதித்து உள்ளே ஓடினான். நான்தான் கொடுப்பேன் என்று அவன், நீ கொட்டிவிடுவாய் என்று அவள். இழுபறியில் தண்ணீர் முழுக்கக் கொட்டியது. முதுகில் ஒரு அடி விழுந்தது. லோகித் வீடே அதிரும்படி அழுதான்.

யாரும் அவன் வாயைப் பொத்தவில்லை. கிருபாகரன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

கடைசியில் தண்ணீர் வந்தது, அரை டம்ளர். குரு குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டார். அதோடு விட்டாரா? கை எங்கே கழுவுவது அம்மணி, துண்டு எங்கே அம்மணி, உப்புக் கம்மியாக இருக்கிறதே, ஊறுகாய் இருக்கிறதா, தயிர்? அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை, எல்லாம் அவளிடம்தான். முதலில் ஒவ்வொன்றுக்கும் அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அதை மறந்துவிட்டாள். சாப்பாடு பாதியில் வந்தபோது, ஒன்று ஒன்றாகக் கேளுங்கள், எனக்கு இரண்டு கைதானே இருக்கிறது என்று அவரையே அதட்டினாள். தப்புதான் என்று குரு ஒத்துக்கொண்டார்.

ரசம் ஊற்றும்போது அவர் கை பட்டுத் தரையில் சிந்தியது. வேண்டுமென்றே செய்தாரா, தெரியாமல் நடந்ததா, எனக்கு இன்றுவரை தெரியாது. துணியை எடுத்துத் துடைக்கப் போனார். லோகித் ஓடிவந்து அதைப் பிடுங்கினான்.

"நீங்க விருந்தாளி. விருந்தாளிங்க தொடைக்கக் கூடாது. நாங்கதான் தொடைக்கணும்."

குரு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கிளம்பும்போது மூன்று பேரும் வாசலுக்கு வந்தார்கள். போயிட்டு வாங்க என்று சம்யுக்தாதான் சொன்னாள். வழியில் நான், இதற்கு என்ன அர்த்தம் சாமி என்று கேட்டேன். வயிறு முட்டத் தண்ணீராக இருக்கிறது, பள்ளத்தில் விடாமல் ஓட்டுங்கள் என்றார்.

அதற்குப் பிறகு கிருபாகரனை நான் கடைவீதியில் ஒருதடவைதான் பார்த்தேன். மூச்சுவிட நேரமில்லை என்றார். சுவரில் சின்னவன் ரயில் வரைந்துவிட்டான், டிவி ரிமோட் இரண்டாக உடைந்துவிட்டது, தினம் நாலு சண்டை, சமையலறைக்குள் பெரியவள் வைத்ததுதான் சட்டம். கன்னம் ஒட்டி, கண் சிவந்து, அத்தனை சந்தோஷமாக இருந்தார்.

விடுமுறையில் அவர் பங்கு முடிந்தது. பிள்ளைகளின் அம்மா வந்து கூட்டிப்போனதாகக் கேள்விப்பட்டோம். கிருபாகரன் தோப்புக்கு வருவார் என்று பார்த்தோம். வரவில்லை. பட்டறைக்கும் சரியாகப் போவதில்லை என்று யாரோ சொன்னார்கள். ஒரு மத்தியானம் குரு என்னைப் பார்த்து, வண்டியை எடுங்கள் என்றார்.

கதவு திறந்தே கிடந்தது. அவர் ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தார். சுவரில் ரயில் ஜன்னல் வரைக்கும் போயிருந்தது. சோபாவுக்கு அடியில் ஒரு சின்னச் செருப்பு, ஒற்றையாக. ஃபேன் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. மூலையில் பை இருந்த இடம் காலியாக இருந்தது. பீரோ லேசாகத் திறந்திருந்தது, உள்ளே அவர்களுக்கென்று காலி பண்ணிய தட்டில் சின்னத் துணிகள் கொஞ்சம் இருந்தன. அதைக்கூட மனுஷர் கவனிக்கிற நிலையில் இல்லை.

"நீங்க எனக்கு நல்லது செய்யலீங்க சாமி" என்றார்.

குரு எதிரில் உட்கார்ந்தார்.

"போன வருஷம் அவங்க போனப்ப, கூட்டிப் பெருக்கிட்டு வேலைக்குப் போயிட்டேன். இந்த வருஷம் முடியலீங்க. சமையக்கட்டுப் பக்கம் கால் போக மாட்டேங்குது. மெஸ்ஸுலதான் சாப்பிடறேன், பாட்டில் தண்ணிதான். ராத்திரி அவன் அழுவுற மாதிரியே இருக்குது, எந்திரிச்சுப் பாக்கறேன்."

பிள்ளைகளோடு பேசினீர்களா என்று நான் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைதானே பேசலாம் என்றார். அதுவும் என்ன பேசுவது? சாப்பிட்டாயா என்று கேட்பார், சாப்பிட்டேன் என்பாள். தம்பி எப்படி இருக்கிறான் என்பார், நன்றாக இருக்கிறான் என்பாள். பிறகு இரண்டு பேரும் மூச்சு விடுவதுதான் கேட்கும். அதற்குப் பேசாமலே இருக்கலாம் என்றார். அடுத்த வருஷம் வருவீர்களா என்று கேட்க வாய்வரைக்கும் வந்ததாம். இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று விழுங்கிவிட்டாராம்.

குரு எல்லாவற்றையும் கேட்டார். ஆறுதல் சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன்.

"வெயில்ல வந்திருக்கோம் அண்ணா. தண்ணி குடுங்க."

கிருபாகரன் தட்டுத்தடுமாறி எழுந்து உள்ளே போனார். மேல்தட்டுக் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது. அடுத்த கதவு. அதற்கடுத்தது. வெகுநேரம் கழித்துக் கையை வீசிக்கொண்டு வந்து நின்றார்.

"டம்ளரைக் காணோமுங்க. சம்யு எங்கயோ மாத்தி வெச்சுட்டா."

"அப்ப வீட்டுக்காரங்களைக் கேளுங்க."

கிருபாகரன் விழித்தார். "இன்னிக்கு ஞாயித்துக்கெழமை இல்லீங்களே."

"எனக்கு ஞாயித்துக்கெழமை வரைக்கும் தாகம் தாங்காது."

போனை எடுத்து எண்ணைத் தேடினார். போட்டார். அம்மாதான் எடுத்தாள். ஒரே ஒரு விஷயம் சம்யுவிடம் கேட்கவேண்டும் என்றார். பிறகு போனை அவளிடம் கொடுத்துவிட்டாள் போலிருக்கிறது. அமைதியான வீடு, குழந்தையின் குரல் எங்களுக்கே தெளிவாகக் கேட்டது.

"சம்யு, டம்ளரையெல்லாம் எங்கடா வெச்சே?"

"அப்பா! இவ்வளவு நாளா எதுல தண்ணி குடிச்சீங்க?"

அவர் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"சிங்க்குக்குக் கீழ, அரிசி டப்பாவுக்குப் பின்னாடி இருக்கும் பாருங்க. மேல வெச்சா லோகித்துக்கு எட்டறதில்லை. யாரு வந்திருக்காங்க? அந்தச் சாமியா? அவருக்குப் பெரிய டம்ளர்ல குடுங்க, சின்னது பத்தாது. குடுத்துட்டுக் கழுவி அங்கயே வெச்சிருங்கப்பா. அடுத்த லீவுக்கு வந்து நான் தேடிட்டு இருக்க முடியாது."

சரிம்மா என்று சொல்ல அவருக்கு இரண்டு தடவை ஆனது.

உள்ளே போனார். இந்தத் தடவை ஒரே ஒரு கதவுதான் திறந்தது. பெரிய டம்ளரில் தளும்பத் தளும்பக் கொண்டுவந்தார். குரு அதை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். கிருபாகரன் காலி டம்ளரை வாங்கி, எங்கே இருக்கிறோம் என்றே தெரியாதவராக, பக்கத்திலிருந்த டீப்பாய் மேல் வைக்கப் போனார்.

"அங்க வெச்சா எப்படிங்க அண்ணா?" என்றார் குரு. "கழுவி, சொன்ன எடத்துல வைங்க."