ஐம்பதாயிரம் பெறும் அட்டை

பனியன் விற்ற காசையெல்லாம் ஜப்பான் அனிமே கார்ட்டூன் படம் போட்ட கார்டுகளில் கொட்டிய அறிவாளி, திருப்பூர் முதலாளி சென்னியப்பன். தீபாவளிக்கு எல்லார் முன்னாலும், பேக்கிங் செய்யும் பழனாத்தாளிடம் போனசுக்குப் பதிலாக ஒரு கார்டை நீட்டினார்.

"வெறும் அட்டைன்னு நெனைக்காதே. ஐம்பதாயிரம் பெறும்!"

பழனாத்தாள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அத்தனை பெரிய தொகை எனக்கெதுக்குங்க மொதலாளி? இதை நீங்களே வாங்கிக்கிட்டு அஞ்சாயிரம் மட்டும் குடுங்க, போதும்."

"ஆளை ஏய்க்கப் பாக்கறயா? இதுக்குப் போய் எவன் அஞ்சாயிரம் குடுப்பான்?" என்று சீறினார் சென்னியப்பன்.

கம்பெனியே கொல்லென்று சிரித்தது.

பழனாத்தாள் கார்டை மேசையில் வைத்தாள். "வெறும் அட்டை நம்ம பனியன் பொட்டிக்குள்ளயே நெறையக் கெடக்குதுங்க. அது பனியனையாச்சும் கசங்காம வெச்சிருக்கும். நீங்க போனசை எடுங்க."