அளவு தப்பிய மலை

பன்னிரண்டாவது தாளையும் கிழித்துப் போட்டார் அருமைநாயகம்.

நில அளவைத் துறையில் முப்பத்தாறு வருடம் வரைபடம் போட்டவர். ஓய்வு பெற்றதும் இயற்கைக் காட்சிகளை வரையவேண்டும் என்று அத்தனை வருடமும் ஆசையைப் பொத்தி வைத்திருந்தார். பாவம், அந்த ஆசைதான் இப்போது துண்டு துண்டாகக் காலடியில் கிடந்தது.

பக்கத்துப் பாறையில் உட்கார்ந்திருந்த செல்லக்கனிக்கு அவரைவிட இருபது வயது குறைவு. ஆனாலும் ஓவியத்தில் செல்லக்கனிதான் குரு.

“டீச்சர், நாலு மணி பஸ்ஸுக்குக் கெளம்புதேன். இனிமே பிரஷ்ஷைத் தொட மாட்டேன்.”

“ஏன்?”

“கண் பாத்தா கை செய்யும்னு சொல்லுவாக. என் கண்ணும் பாக்குது, கையும் செய்யுது. மலை மட்டும் செத்துல்லா கெடக்கு. நீங்க வரைஞ்சா எப்படி உயிரோட நிக்குது?”

செல்லக்கனி எதிரே இருந்த மலையைப் பார்த்தார்.

“பாதி மலையில ஒரு சுனை இருக்கு. கலர் கரைக்கத் தண்ணி எடுத்துட்டு வாங்க.”

“வடிகட்டின தண்ணி பாட்டில்ல இருக்கே?”

“அது இருக்கட்டும்.”

பாட்டிலைக் காலி செய்துகொண்டு முணுமுணுத்தபடி போனார். பன்னிரண்டு நாளாக ஒற்றைக் கண்ணை மூடி, பென்சிலை நீட்டி, கட்டைவிரலால் அந்த மலையை அளந்தவர். எந்தப் பாறை எந்தப் பாறையில் எத்தனை பங்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அதில் ஏறுவது இதுதான் முதல் தடவை.

இரண்டு மணி நேரம் கழித்து நொண்டி நொண்டி வந்தார். கையில் முள் கீறல். முழங்கால் வீங்கியிருந்தது. எடுத்த தண்ணீரில் பாதியை வழியிலேயே குடித்துவிட்டிருந்தார்.

“ஏற ஏற வந்துக்கிட்டே இருக்கு டீச்சர், பாழாப்போன மலை.”

“வரைங்க.”

பென்சிலை நீட்டி அளக்கக் கை எழவில்லை. பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கி அப்படியே இழுத்தார். நீலமும் செம்மண் நிறமும் ஒன்றுக்குள் ஒன்று ஓடின. சரிவு ஏறிக்கொண்டே போய்த் தாளின் மேல் விளிம்பைத் தாண்டிவிட்டது. உச்சிக்கு இடமே இல்லை. நாலு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வரைந்து முடித்ததும் அவருக்குத் திக்கென்றது.

“எல்லா அளவும் தப்பிப்போச்சு டீச்சர். மலை இவ்வளவு செங்குத்து இல்லையே!”

கை கிழிக்கப் போனது. செல்லக்கனி பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“என்கிட்டச் சொல்லி என்ன செய்ய? ஒங்க முழங்கால்கிட்டக் கேளுங்க.”