மரத்தைத் தேடிப் போகாத ரம்பம்

செங்கோட்டையில் ஒரு குறுகிய சந்தில் சிறிய மரப்பட்டறை நடத்திய தாண்டவராயர், வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்தால் எவருக்காகவும் எழமாட்டார். "எல்லாரும் என்னிடம் வருவார்கள்; நான் யாரிடமும் போவதில்லை" என்பது அவர் பெருமை.

பட்டறைக்கு மின்ரம்பம் வாங்க வேண்டியிருந்தது. பலகைமேல் தண்டவாளம் வைத்து, அதில் ஓடவிடும் சிறிய ரம்பமே போதும் என்றான் வேலையாள் இருளப்பன்.

"ரம்பம் மரத்தைத் தேடிப் போவதா? மானக்கேடு! மரம்தான் ரம்பத்திடம் வரவேண்டும். மரத்தை மேலே தள்ளி அறுக்கும் பெரிய மேசை ரம்பம்தான் வாங்குவேன். மாலைக்குள் அதற்கு இடம் காட்டு. இல்லையேல் வேறு பட்டறை பார்!"

"காட்டுகிறேன், முதலாளி. ஓர் ஒத்திகை பார்ப்போமா?"

இருளப்பன் ரம்பத்துக்குப் பதிலாக ஒரு மேசையைப் போட்டு, அதன்மேல் எட்டடிப் பலகையை வைத்து வாசல் பக்கமாகத் தள்ளினான். பலகையின் முனை நாற்காலி முதுகில் முட்டியது.

"முதலாளி, கொஞ்சம் எழுந்தால்..."

"நானா, எழுவதா? தள்ளடா!"

தள்ளினான். நாற்காலி முதலாளியோடு படி இறங்கிச் சந்துக்கு வந்தது.

"இன்னும் பாதிப் பலகை பாக்கி, முதலாளி."

"தள்ளு!"

நாற்காலி சந்தின் குறுக்கே நகர்ந்து, எதிரிலிருந்த முடிதிருத்தகத்தில் கண்ணாடி முன்னே போய் நின்றது. கடைக்காரர் மாடசாமி, தாண்டவராயரின் கழுத்தில் துணியைப் போர்த்தி, கன்னத்தில் நுரையும் பூசிவிட்டார்.

"வீட்டுக்கே என்னை வரவழைக்கிற முதலாளி, இன்று என்னைத் தேடி வந்துவிட்டீர்களே! மீசையும் எடுத்துவிடவா?"

"இருளப்பா, சின்ன ரம்பமே வாங்கு!"

"சரி, முதலாளி. நாற்காலியைத் திரும்ப இழுக்கட்டுமா?"

"வேண்டாமடா" என்று நுரையோடு எழுந்தார் தாண்டவராயர். "நடந்தே வருகிறேன்."