ஸ்பீக்கருக்கு மண் கொடுத்தோம்

எங்கள் தெரு நலச் சங்கத்தில் மொத்தம் மூன்று பேர். தலைவர் எசக்கிமுத்து, செயலாளர் வேலாண்டி, துணைத்தலைவர் நான். மூவரில் பெரிய மடையன் யார் என்று தெருவில் இன்னும் முடிவாகவில்லை. என் ஓட்டு எனக்குத்தான்.

சங்கத்தின் முதல் கூட்டம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு. வரவேற்புரை நான். கல்யாணமான நாலு வருஷத்தில் என் மாமனார் என்னை ஒரு வாக்கியம்கூட முழுசாகப் பேச விட்டதில்லை. அவரே கேட்க வருகிறார் என்பதால் ஒரு மாதம் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகியிருந்தேன்.

மூன்று மணிக்குச் சங்கக் கட்டடத்தில் வாடகை ஸ்பீக்கரைப் போட்டோம். ‘ம்ம்ம்ம்’ என்று முனகியது. கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

“எர்த் இல்ல. எர்த் குடுங்க, நின்னுரும்” என்றார்.

“எர்த்துன்னா பூமில்லா?” என்றான் வேலாண்டி.

“பூமியை எப்படிவே தூக்கிக் குடுக்கது?” என்றார் தலைவர்.

“முழுசாவா கேட்டாரு? கொஞ்சமாக் குடுப்போம்” என்றேன். யோசனை என்னுடையதுதான்.

இரண்டு சட்டி செம்மண் அள்ளிவந்து ஸ்பீக்கரின் காலடியில் கொட்டினோம். சத்தம் சட்டென்று நின்றது. கட்டிப்பிடித்துக்கொண்டோம். சட்டி இடித்துப் பிளக் கழன்று கிடந்ததை அப்புறம்தான் பார்த்தோம்.

பிளக்கை மாட்டிய கையோடு, வேலாண்டி ஆம்ப்ளிஃபையரில் இருந்த பேஸ், ட்ரெபிள் குமிழ்கள் எல்லாவற்றையும் திருகிப் பார்த்தான். முனகல் போய்விட்டது. பதிலுக்கு ‘கீஈஈ’ என்று ஊசி மாதிரி ஒரு சத்தம் காதைக் குத்தியது. மறுபடியும் போன்.

“ட்ரெபிள் ஜாஸ்தி. குறைங்க.”

தலைவர் முகம் இறுகியது. “நம்மள்ல யாருவே டிரபிள்?”

ஓட்டெடுப்பு நடந்தது. மூன்று கைகளும் எனக்கு எதிராகத் தூக்கப்பட்டன, என் கை உட்பட. நான் வெளியேறித் தெருமுனை வரை போய் நின்றேன்.

“நின்னுட்டுவே! இங்க ஒண்ணும் கேக்கல!” என்று கத்தினேன். உள்ளே இருவரும் காதைப் பொத்திக்கொண்டிருந்ததால் அது அவர்களுக்குக் கேட்கவில்லை.

நாலரைக்கே மாமனார் வந்துவிட்டார். வயது எழுபத்திரண்டு. ஸ்பீக்கருக்கு நேர் எதிரே, முன் வரிசையில் சாவகாசமாக உட்கார்ந்தார்.

“மாமா, சத்தம் காதைக் குத்தலையா?”

“எந்தச் சத்தம் மாப்ளே?”

மூவரும் ஆடிப்போனோம். கடைக்காரரை மூன்றாம் முறையாக அழைத்தோம்.

“அது ரொம்பக் கூர்மையான, உச்சமான சத்தம்யா. வயசானா காதுல விழாது. உங்களுக்கும் அம்பது தாண்டட்டும், அப்புறம் கேக்காது. போனை வைங்க!”

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்லா” என்று வருத்தப்பட்டார் தலைவர். “எனக்கு இன்னும் பதினாறு வருஷம்.”

“எனக்குப் பத்தொன்பது” என்றான் வேலாண்டி.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வயதே இருபத்தெட்டு; இன்னும் இருபத்திரண்டு வருஷம். தாமதமாகப் பிறந்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

வாசலில் அட்டை எழுதி மாட்டினோம்: ‘தவிர்க்க முடியாத காரணத்தால் கூட்டம் இருபத்திரண்டு ஆண்டுகள் தள்ளிவைக்கப்படுகிறது. இதே இடம். சரியாக ஐந்து மணி.’

மாமனார் அட்டையை இரண்டு தடவை படித்தார். திரும்பி உள்ளே போய், முன் வரிசை நாற்காலியில் தன் துண்டை விரித்துப் போட்டு இடம் பிடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.