கடைமடைக்காரி வைத்த பந்தி

மொச்சைக்காய் உரிக்கும்போது கைக்குத்தான் வேலை, வாய் சும்மாதானே இருக்கிறது. முறம் நிறைவதற்குள் ஒரு கதை சொல்லிவிடலாம்.

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கொன்றைநாடு என்று ஒரு நாடு, அதைத் திருமேனி ராசா என்று ஒருத்தர் ஆண்டு வந்தாராம். நல்ல மனுசர்தான். ஆனால் குளிக்கப் போகும்போது ஒரு உத்தரவு, தலை துவட்டும்போது வேறொரு உத்தரவு. அவரிடம் தாண்டவராயர் என்று ஒரு அளவுக்காரர் இருந்தார். எந்நேரமும் கையில் அளவுகோல். மீசையைக்கூட இரண்டு பக்கமும் அளந்து பார்த்துவிட்டுத்தான் சபைக்கு வருவாராம்.

ஒருநாள் வேலப்பன் என்கிற வயசான குடியானவர் சபைக்கு வந்தார். கூடவே மூத்த மகன் மாரப்பனும், இளைய மருமகள் நாச்சாயியும். இளைய மகன் காய்ச்சலில் போய்விட்டான். நாச்சாயிக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள்.

“சாமி, நான் கண்ணு முழிச்சிருக்கும்போதே என் வயலை ரெண்டு வீட்டுக்கும் பிரிச்சுக் கொடுத்திடணும். நான் போன பிறகு இவங்க மண்வெட்டியைத் தூக்கிட்டு நிக்கக்கூடாது” என்றார் கிழவர்.

ராசா தாண்டவராயரை அனுப்பினார். அவரும் போய் அளந்து, நட்ட நடுவில் கல்லை நட்டுவிட்டு வந்தார். மேல்பாதி மாரப்பனுக்கு, கீழ்பாதி நாச்சாயிக்கு.

“ஒரு விரற்கடை வித்தியாசம் கிடையாது மகாராசா” என்றார்.

நாச்சாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: “அளவு சரிதானுங்க. ஆனா வாய்க்கால் தண்ணி மேல்பாதியைத் தாண்டித்தான் எனக்கு வரணும். என்னுது கடைமடை. பெரிய மாமா தங்கமானவர். மடையில தண்ணியப் பார்த்தா மட்டும் எங்க வீடு இருக்கிறதே அவருக்கு ஞாபகம் வராது.”

ராசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாரப்பன் தலையைச் சொறிந்தான். தாண்டவராயருக்குத்தான் பற்றி எரிந்தது. பத்து வருசமாக அவர் சொன்ன எதற்கும் ராசா இப்படிச் சிரித்ததில்லை.

“மகாராசா, இவ என் கோலையே பொய்யாக்குறா. சரிபாதி எப்படிச் சரியில்லாமப் போகும்னு நாளை மதியத்துக்குள்ள காட்டட்டும். காட்டலைன்னா அவ பாதியும் மூத்தவனுக்கே போகட்டும்.”

“நல்ல வேடிக்கை. அப்படியே ஆகட்டும்” என்றார் ராசா.

“பிரிச்சுக் கொடுங்கன்னு வந்தா பிடுங்குறீங்களே சாமி” என்று கிழவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

நாச்சாயி கொஞ்சம் யோசித்தாள். “நாளைக்கு அரண்மனைப் பந்தியில நான் பரிமாறணுங்க. இலையை மட்டும் அளவுக்கார ஐயா கையாலேயே நறுக்கித் தரணும்.”

மறுநாள் முப்பது பேர் பந்தி. முப்பது இலையையும் தாண்டவராயரே அளந்து நறுக்கினார். முதல் இலையில் ராசா, இரண்டாவதில் மாரப்பன்.

“ஐயா, வரிசை கோணலா இருக்கான்னு கடைசியில உட்கார்ந்து பார்த்தாத்தான் தெரியும். அதுக்கு உங்க கண்ணுதான் வேணும்” என்றாள் நாச்சாயி. அவரும் மீசையைத் தடவிக்கொண்டு முப்பதாவது இலையில் போய் உட்கார்ந்தார்.

எல்லா இலையிலும் உப்பு வைத்தாள். பிறகு சோற்றுப் பானையோடு ராசாவிடமிருந்து தொடங்கினாள். “போதும்னு சொல்ற வரைக்கும் வைப்பேன்” என்றாள். யார் சொல்லுவார்கள்? கத்தரிக்காய்க் குழம்பு அப்படி. மாரப்பன் மட்டுமே மூன்று தரம் வாங்கினான். இருபத்தெட்டாவது இலைக்கு வரும்போது கரண்டி பானையைச் சுரண்டியது. இருபத்தொன்பதாவது இலைக்குக் காந்தல் சோறு. முப்பதாவது இலையில் உப்பு மட்டும்.

“எனக்குச் சோறு எங்கே?” என்றார் தாண்டவராயர்.

“இலை இருக்குதுங்களே ஐயா.”

“வெறும் இலையைத் திங்கிறதுக்கு நான் என்ன மாடா?”

“ராசா இலைக்கும் உங்க இலைக்கும் ஒரு விரற்கடை வித்தியாசம் உண்டுங்களா?”

ராசாவுக்குப் புரை ஏறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, “புரிஞ்சுபோச்சு. மேல்பாதியை இந்தப் பொண்ணுக்கே எழுதுங்க” என்றார். மாரப்பன் கையில் எடுத்த கவளம் அந்தரத்தில் நின்றது.

“வேண்டாங்க. அப்புறம் பெரிய மாமா வீட்டு அக்கா பிள்ளைங்க உப்பை நக்கணும்” என்றாள் நாச்சாயி.

“பின்னே என்னதான் வேணும்?”

“பாயசம் இன்னும் பரிமாறலைங்க. கடைசி இலைக்காரர் கையில கரண்டியைக் கொடுத்துப் பாருங்க.”

தாண்டவராயர் பசியோடு கரண்டியை அடிவரைக்கும் விட்டார். நிமிர்ந்தால், அந்தக் கோடியிலிருந்து ராசா அவர் கையையே பார்க்கிறார். பாதியைப் பானையிலேயே ஊற்றிவிட்டு, தனக்கு ஒரு கரண்டி, அடுத்தவருக்கு ஒரு கரண்டி என்று ஊற்றிக்கொண்டே போனார். ராசா இலைக்குப் போனபோதும் பானையில் பாயசம் இருந்தது.

“வயல்லயும் இப்படித்தாங்க” என்றாள் நாச்சாயி. “வாய்க்கால் தலைப்பில தண்ணியத் திறந்து மூடுற மடைப்பலகை கடைமடைக்காரி கையில இருக்கட்டும். முதல்ல கீழே பாயட்டும், பிறகு மேலே. நடுவில பெரிய மாமா மறிச்சா நான் பலகையை இறக்கி ரெண்டு வயலுக்கும் தண்ணிய நிறுத்திடுவேன். நான் ஏய்ச்சா மாமா இங்க வந்து சொல்லட்டும், பலகையைப் பிடுங்கிக்கங்க.”

நாடு முழுக்க அதையே சட்டமாக்கினார் ராசா. நாச்சாயிக்கு ஒரு சோடி உழவுமாடு கொடுத்தார். தாண்டவராயரிடம், “இனிமே எந்தப் பந்தியிலும் உமக்குக் கடைசி இலைதான். அளக்கிற புத்தி அங்கேதான் நல்லா வருது” என்றார்.

முதல் முறைத்தண்ணி வந்தது. மாரப்பன் வயல் வெடிப்பைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் கீழே ஓடியது. அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றான், தொடவில்லை. கீழே நாச்சாயி வயல் நிறைந்துவிட்டது. இன்னும் ஒரு சாண் ஏறட்டுமே என்று அவளுக்கும் ஒரு நிமிசம் தோன்றத்தான் செய்ததாம்.

“நெறஞ்சுதா அம்மிணி?” என்று மேலிருந்து குரல் வந்தது.

“நெறஞ்சிருச்சு மாமா. திருப்பிக்கங்க.”

இதைக் கேட்டுக்கொண்டிருந்த வேலப்பன் துண்டை விரித்து, வரப்பிலேயே படுத்துக் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். வெயில் ஏறுகிறதே என்று மாரப்பன் எழுப்பப் போனான். நாச்சாயி கையமர்த்தி, “தூங்கட்டும், இத்தனை வருசம் தூங்காத கண்ணு” என்று சொல்லிவிட்டு, தன் முந்தானையை அவருக்கு நிழலாக – இதோ வந்துட்டேன் அத்தை, பாப்பா முழிச்சுட்டாளா, தொட்டிலை ஒரு கை ஆட்டுங்க, நான் மொச்சை உரிச்ச இந்தக் கையைக் கழுவிட்டு வர்றேன்.